வெயிலும் சிரட்டைக் கரியும்: நீரில் கலந்த உணவுச் சாயத்தை உடைப்பது எப்படி?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியர் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூற்றாண்டுக் கருத்தரங்கில் விஞ்ஞானம் பேசுங்கள் என்று சங்கம் எங்களைக் கேட்டுக்கொண்டது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய அக்காமாருக்கும் விளங்க வேண்டுமாம். நல்ல நிபந்தனைதான். ஆகவே அடுப்படியிலும் கிணற்றடியிலும் உள்ள ஒரு விடயத்தையே எடுத்துக்கொண்டோம். உணவில் போடும் செயற்கை நிறம் தண்ணீரில் கலந்தால், வெயிலையும் நாம் வீசி எறியும் சிரட்டை, தேயிலைச் சக்கை போன்ற தாவரக் கழிவுகளையும் வைத்து அதை எப்படி உடைக்கலாம்? அப்படி உடைத்த தண்ணீரை நம்பலாமா? இவ்விரண்டு கேள்விகளையும் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் நிறங்களைப் பற்றி.

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் நாக்கைப் பார்த்திருப்பீர்கள். பெருநாள் அன்று பின்னேரமும் அதே நாக்குத்தான். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று செம்மஞ்சள். அந்த நிறங்களுக்கெல்லாம் பெயரும் எண்ணும் உண்டு. மஞ்சள் என்றால் பெரும்பாலும் டாட்ராசின், அதன் எண் ஈ 102. செம்மஞ்சளுக்கு சன்செற் யெலோ, ஈ 110. சிவப்புக்கு கார்மொய்சின், ஈ 122. நீலத்துக்கு பிரில்லியன்ற் புளூ, ஈ 133. பச்சை வேண்டுமென்றால் மஞ்சளையும் நீலத்தையும் கலப்பார்கள். பக்கெற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்த எண்கள் சின்ன எழுத்தில் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வித்திட்டவர் 18 வயதுப் பையன் ஒருவர். 1856 இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற மாணவர் மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைனைச் செய்ய முயன்றார். குயினைன் வரவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் இருந்து அழகான ஊதாச் சாயம் வந்தது. துணிக்கு வந்த செயற்கைச் சாயம் பிறகு உணவுக்கும் வந்தது. இன்று இச்சாயங்களுக்கு மூலப்பொருள் பெற்றோலியம்.

அனுமதிக்கப்பட்ட நிறங்களை அளவோடு உண்டால் உடனே ஆபத்து என்று நாங்கள் பயமுறுத்த வரவில்லை. ஆனால் அந்த அளவு என்று ஒன்று இருக்கிறது. டாட்ராசினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009 இல் சொன்ன எல்லை, உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம். 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம். 2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், டாட்ராசின் உட்பட ஆறு நிறங்களில் எதைச் சேர்த்தாலும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்று பக்கெற்றில் அச்சிட வேண்டும்.

அனுமதியில்லாத நிறங்களின் கதை வேறு. 2024 பெப்ரவரியில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தார்கள். 1990 இல் வடக்கிலிருந்து வந்து நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழிகள் அதைத் தும்பு முட்டாஸ் என்பார்கள். அந்தப் பஞ்சு மிட்டாயில் அகப்பட்டது றொடமைன் பி என்ற றோசா நிறச் சாயம். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. அடுத்த மாதம் கர்நாடகமும் உணவில் அதைத் தடை செய்தது. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். ஒளியால் சாயத்தை உடைக்கும் புதிய பொருளொன்றைச் செய்தால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க உலகெங்கும் ஆய்வுகூடங்களில் எடுக்கும் சாயங்களில் இந்த றொடமைன் பியும் ஒன்று. அங்கே சோதனைப் போத்தலில் இருப்பது இங்கே பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது.

இனி, இந்த நிறம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

இனிப்பும் குளிர்பானமும் செய்யும் இடங்களில் பாத்திரம் கழுவிய தண்ணீர், விழா முடிந்து மிஞ்சிய சர்பத், கேக் செய்த கிண்ணத்தின் அடி, எல்லாம் மண்ணுக்குத்தான் போகின்றன. மண் வடிகட்டிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. களிமண் உள்ள ஊரில் அதில் ஓரளவு உண்மை உண்டு. நம் ஊர் மணல். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே இந்த மணல் திட்டு. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நம் கிணறுகளில் நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். ஒரே வளவில் மலசலகூடக் குழியும் உண்டு, கிணறும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது மணல் மட்டும்தான்.

உணவுச் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரைவதற்காகவே அதன் மூலக்கூறில் கந்தகம் சேர்ந்த கூட்டங்களை வைத்திருக்கிறார்கள். அவை நீரில் மறை ஏற்றம் பெறுகின்றன. மணற் பரப்பும் பெரும்பாலும் மறை ஏற்றமே. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று பௌதிகவியலில் படித்தோம் அல்லவா? அதனால் மணல் இந்தச் சாயத்தைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் இடத்துக்கு அதுவும் போகிறது.

இன்று நம் கிணறுகளில் சாயம் நிறைந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மணல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சாட்சி ஏற்கனவே இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட பசளை நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டக் கிணறுகள் சிலவற்றில் அது, உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையையும் தாண்டியிருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே மேலே ஊற்றுவது கீழே வரும் ஊரில் நாம் வாழ்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலிருந்து சாயத்தை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிடித்து வைப்பது. மற்றது உடைப்பது.

பிடித்து வைப்பதில் சிரட்டைக் கரிக்கு நிகரில்லை. சிரட்டையைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, அதை மிக உயர்ந்த வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால் ஏவப்பட்ட காபன் கிடைக்கும். அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர், அதாவது நம் வலைப்பந்து மைதானம் இரண்டு. முதலாம் உலக யுத்தத்தில் நச்சுப் புகைக் கவசத்துக்கு இந்தக் கரி வேண்டும் என்று, 1918 இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளை வீடு வீடாகச் சேர்த்தார்கள். நமக்குத் தேங்காய் இருக்கிறது. இலங்கையிலிருந்து சிரட்டைக் கரியும் ஏவப்பட்ட காபனும் இன்று உலகின் பல நாடுகளுக்குப் போகின்றன.

ஆனால் கரி பிடித்து வைத்த சாயம் அழிந்துவிடவில்லை. அது தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது. கரி நிறைந்ததும் அதை எங்கே போடுவது? மணலில் போட்டால் பழைய கதைதான்.

இரண்டாவது வழிக்கு ஒளி வேண்டும். நாம் வெயிலை வேலை வாங்கத் தெரிந்த மக்கள். கருவாடு காயவைக்கிறோம், கொப்பரா காயவைக்கிறோம், புத்தளத்து உப்பளங்களில் கடல் நீரை வற்றவைக்கிறோம். நம் ஊர்க் காற்றும் 2010 இலிருந்து மின்சாரமாகிறது. அதே வெயிலால் இரசாயனப் பிணைப்பையும் அறுக்கலாம். தனி வெயில் போதாது, ஓர் ஊக்கி வேண்டும். பெயின்ற்றுக்கும் பற்பசைக்கும் வெண்மை தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைத் தூள் அப்படியோர் ஊக்கி. நாக ஒட்சைட்டு இன்னொன்று.

1967 இல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் அக்கிர புஜிஷிமா என்ற பட்டப்பின்படிப்பு மாணவர், தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பளிங்கொன்றைத் தண்ணீரில் வைத்து ஒளி பாய்ச்சினார். பளிங்கிலிருந்து வாயுக் குமிழிகள் எழுந்தன. தண்ணீர் உடைந்துகொண்டிருந்தது. அவரும் அவருடைய பேராசிரியர் ஹொண்டாவும் 1972 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாயிற்று. ஐந்து வருடம் கழித்து, 1977 இல், அமெரிக்காவில் பிராங், பார்ட் என்ற இருவர் இதே பொருளையும் ஒளியையும் கொண்டு தண்ணீரிலிருந்த சயனைட்டை உடைத்துக் காட்டினார்கள். தண்ணீரைச் சுத்தமாக்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

நடப்பது இதுதான். வெயிலில் உள்ள கழியூதாக் கதிர் தூளின் மேல் விழுகிறது. உள்ளே இருக்கும் இலத்திரன் ஒன்று, ஏணியில் ஏறுவது போல் மேற்படிக்குத் தாவுகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அந்த வெற்றிடம் அருகிலுள்ள தண்ணீரிடமிருந்து இலத்திரனைப் பறிக்கிறது. பறிகொடுத்த தண்ணீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் என்ற ஒன்று பிறக்கிறது. கண் இமைப்பதற்குள் பல இலட்சம் தடவை பிறந்து இறக்கக்கூடிய ஆயுள்தான் அதற்கு. ஆனால் அகப்பட்ட சேதனப் பொருளையெல்லாம் தாக்கும். டாட்ராசின் போன்ற சாயத்தில் இரண்டு நைதரசன்கள் கைகோத்து நிற்கும் இடமொன்று உண்டு. அசோப் பிணைப்பு என்று பெயர். நிறத்தைத் தருவது அந்தப் பிணைப்பும் அதையொட்டிய அமைப்பும்தான். அங்கே அடி விழுந்ததும் நிறம் போய்விடுகிறது. தொடர்ந்து அடி விழுந்தால் வளையங்கள் திறந்து, துண்டுகள் இன்னும் சின்னத் துண்டுகளாகி, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் சில எளிய உப்புகளும் மிஞ்சும்.

தாவரக் கழிவு இதில் எங்கே வருகிறது? மூன்று இடங்களில் வருகிறது.

ஒன்று, அந்த மூலிகத்தின் ஆயுள் மிகக் குறைவு. தூரத்திலுள்ள சாயத்தைத் தேடிப் போக அதற்கு நேரமில்லை. ஊக்கியைச் சிரட்டைக் கரியின் மேல் படியவைத்தால், கரி சாயத்தை இழுத்து வந்து பக்கத்திலேயே நிறுத்துகிறது. கரி பிடிக்கிறது, வெயில் உடைக்கிறது. உடைந்ததும் கரியில் இடம் மீண்டும் காலியாகிறது.

இரண்டு, ஊக்கித் தூள் மிக நுண்ணியது. தண்ணீரில் போட்டால் பால் போலக் கலங்கி நிற்கும், எளிதில் அடையாது. கரித் துண்டின் மேல் ஒட்டியிருந்தால் அடியில் படியும், வடித்தெடுத்து மறுபடியும் பயன்படுத்தலாம்.

மூன்று, ஊக்கியைத் தயாரிக்கும்போதே தாவரம் உதவும். தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைக் கொதிக்கவைத்த சாற்றில் உள்ள பொருட்கள், நாக ஒட்சைட்டு மிக நுண்ணிய துணிக்கைகளாக உருவாகவும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்கவும் உதவுகின்றன. கடும் இரசாயனங்களின் தேவை குறைகிறது. தேயிலை குடிக்காத வீடு நம் நாட்டில் ஏது?

இன்னொரு செய்தியும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இல்மனைற்று. கொஞ்சம் றூற்றைலும் உண்டு. இரண்டும் தைத்தேனியத்தின் கனியங்கள். அரச நிறுவனம் ஒன்று அதை அகழ்ந்து ஏற்றுமதி செய்கிறது. ஆக, ஊக்கிக்கான மண் கிழக்குக் கரையில், கரிக்கான சிரட்டை மேற்குக் கரையில், வெயில் இரண்டு கரையிலும். இவற்றை ஒன்றாகச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகள்தான் நமக்கு வேண்டும்.

இப்போது கண்காட்சி அறையில் உயர்தர மாணவிகள் வைத்திருக்கும் நான்கு போத்தல்களுக்கு வருவோம். நான்கிலும் ஒரே அளவு கிணற்று நீரும், கடையில் வாங்கிய மஞ்சள் உணவு நிறம் ஒரே அளவும் விட்டார்கள். முதலாவதை ஒன்றும் போடாமல் வெயிலில் வைத்தார்கள். இரண்டாவதில் நீர் வடிகட்டிக்குப் போடும் சிரட்டைக் கரியைப் போட்டு அலுமாரிக்குள் வைத்தார்கள். மூன்றாவதில் நாக ஒட்சைட்டுத் தூளைப் போட்டு வெயிலில் வைத்து இடையிடையே குலுக்கினார்கள். நான்காவதிலும் அதே தூளைப் போட்டு, ஆனால் கறுப்புத் துணியால் சுற்றி வைத்தார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் பார்த்தபோது முதலாவதும் நான்காவதும் ஏறக்குறைய வைத்த மஞ்சளாகவே இருந்தன. வெயில் மட்டும் போதாது, தூள் மட்டும் போதாது என்பது அதில் தெரிகிறது. இரண்டாவதில் நிறம் பெரும்பாலும் போயிருந்தது. அந்தக் கரியை எடுத்துச் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசினால் மஞ்சளில் ஒரு பகுதி திரும்பி வந்தது. மூன்றாவதைத் தெளியவைத்தபோது பச்சைத் தண்ணீர் போல நிறமற்று இருந்தது. தூளை அலசியும் மஞ்சள் வரவில்லை.

கைதட்ட வேண்டிய இடம்தான். ஆனால் ஒரு மாணவி கேட்ட கேள்வி எங்களை நிறுத்தியது. "மிஸ், இப்ப இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?"

இதற்கு விடை சொல்ல இயந்திரம் வேண்டும் என்று நினைப்போம். பல்கலைக்கழகத்தில் இயந்திரம் உண்டு. நீரிலுள்ள மொத்தச் சேதனக் காபனை அளந்து, சாயம் முற்றாக அழிந்ததா, நிறமற்ற துண்டுகளாக நிற்கிறதா என்று சொல்வார்கள். நிறம் போவது முன்னதாக நடக்கும், துண்டுகள் முற்றாக அழிவதற்கு மேலும் நேரம் எடுக்கும். சில சாயங்களின் துண்டுகள் சாயத்தைவிடக் கெட்டவையாகவும் இருக்கலாம். முக்கியமாக, ஒட்சிசன் இல்லாத குழியில் அசோப் பிணைப்பு அறுந்தால் அமீன்கள் என்ற பொருட்கள் உண்டாகும். அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை. ஆகவே எத்தனை வீதம் நிறம் போயிற்று என்று யாராவது பெருமையாகச் சொன்னால், காபன் எத்தனை வீதம் போயிற்று என்று திருப்பிக் கேளுங்கள்.

இயந்திரம் இல்லாத நம் பாடசாலையில் வெங்காயம் இருக்கிறது. வெங்காய வேர் நச்சுக்கு மிக எளிதில் அசையும். 1938 இல் சுவீடனைச் சேர்ந்த லெவான் என்பவர் தொடங்கிவைத்த வெங்காய வேர்ச் சோதனையை இன்றும் உலகெங்கும் செய்கிறார்கள். மாணவிகள் சின்ன வெங்காயத்தின் அடியைக் கிணற்று நீரிலும், மூன்றாம் போத்தல் நீரிலும் படும்படி வைத்தார்கள். கிணற்று நீரில் வேர் நீண்டு இறங்கியது. மூன்றாம் போத்தல் நீரில் குட்டையாக நின்றது.

ஒரு தடவை செய்த சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, பல வெங்காயங்களை வைத்துத் திரும்பவும் செய்ய வேண்டும். ஆனாலும் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நாக ஒட்சைட்டு சிறிதளவு தண்ணீரில் கரைகிறது. கரைந்த நாகம் அதிகமானால் வேரை முடக்கும். சாயத்தின் துண்டுகளும் சேர்ந்திருக்கலாம். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த தண்ணீரை வெங்காயம் ஏற்கவில்லை. இன்று நாங்கள் உங்களிடம் சொல்ல வந்ததும் இதுதான். நிறம் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

இதே பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்ற ஊர் தமிழ்நாட்டின் திருப்பூர். அங்கே துணிச் சாயம். நொய்யல் ஆற்றில் விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு நீரின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவு நீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது அங்கே விதி. தண்ணீர் தெளிந்தது. ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பையும் சேற்றையும் என்ன செய்வது என்ற கேள்வி பின்னாலேயே வந்தது. ஒளியால் உடைக்கும் முறைமேல் இவ்வளவு பேர் நம்பிக்கை வைப்பதற்கும் அதுவே காரணம். பிடித்து ஒதுக்குவதோடு நில்லாமல் அழிக்கவும் அதனால் முடியும். ஆனால் அதன் ஊக்கியும் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், உடைப்பதும் முற்றாக உடைக்க வேண்டும்.

எங்கள் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது தாய்மாருக்கு. ஊற்றாத சாயத்தை உடைக்க வேண்டியதில்லை. பிறந்தநாள் கேக்குக்குப் பீற்றூட் சாறும், மஞ்சளும், ரம்பை இலைச் சாறும், சங்குப்பூவும் போதும். நிறம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், பிள்ளை பழகிவிடும். வாங்குவதென்றால் எண் அச்சிட்ட பக்கெற்றை வாங்குங்கள். மேளா நாட்களில் கண்ணைப் பறிக்கும் றோசா நிறத்தைக் கண்டால் விலகுங்கள். மிஞ்சிய நிற நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது பாடசாலைக்கு. விஞ்ஞான மன்றம் ஒரு கிணற்றுப் பதிவேடு தொடங்கட்டும். மாதம் ஒரு தடவை, ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டம், உப்புத்தன்மை, நைத்திரேற்று ஆகியவற்றைச் சோதனைத் தாளால் பார்த்து எழுதட்டும். வருடத்துக்கு ஒரு தடவை வெங்காய வேரையும் பார்க்கட்டும். பத்து வருடம் எழுதினால், இந்த மணலின் கீழ் என்ன நடக்கிறது என்று சொல்ல நம்மிடம் ஒரு சான்று இருக்கும். அடுத்த ஆலையோ பண்ணையோ வரும்போது பேச அது உதவும்.

மூன்றாவது சங்கத்துக்கு. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, தூரத்துப் பாடசாலைக்குப் போக பஸ் காசில்லை, தங்க இடமில்லை என்று வேறு பிரிவுக்குத் திரும்புவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் மூவரின் வகுப்பிலும் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். அவர்கள் இன்று இந்தச் சபையில் இருக்கிறார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை, வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்குங்கள். முதல் வருடப் பங்கை நாங்கள் மூவரும் தருகிறோம். "குடிக்கலாமா?" என்று கேட்ட அந்தப் பிள்ளை, விடையை ஒருநாள் தானே அளந்து சொல்லட்டும்.

கண்காட்சி முடிந்ததும் அந்த நான்கு போத்தல் நீரையும் மண்ணில் ஊற்ற மாட்டோம். தட்டில் விட்டு வெயிலில் வற்றவைத்து, மிஞ்சும் தூளையும் கரியையும் மூடிய போத்தலில் பெயரெழுதி ஆய்வுகூட அலுமாரியில் வைப்போம். பார்க்க விரும்புவோர் நாளை பகல் வரை விஞ்ஞான அறைக்கு வரலாம். வெங்காயங்களும் அங்கேதான் இருக்கின்றன.